வெளி மானிட்டர் கறுத்துக் கறுத்து வருகிறது: கேபிளா, டிரைவரா?

செம்பருத்தி:
வணக்கம். புத்தகப் பிழைதிருத்தம் என் வேலை. இரண்டு பக்கங்களை அருகருகே வைத்துப் பார்க்க 27 அங்குல மானிட்டர் வாங்கினேன்; 2560 × 1440, 60 ஹெர்ட்ஸ். லேப்டாப்பில் லினக்ஸ், இன்டெல் கிராஃபிக்ஸ், திரையில் வரைவதற்கு எக்ஸ்11. ஹெச்டிஎம்ஐ இணைப்பு, கேபிள் வீட்டில் கிடந்த பழையது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை மானிட்டர் முழுக்கக் கறுத்து, இரண்டு விநாடியில் திரும்புகிறது. லேப்டாப்பின் சொந்தத் திரைக்கு ஒன்றும் ஆவதில்லை. இதே லேப்டாப்பில் விண்டோஸிலும் ஒரு நாள் முழுக்க வேலை பார்த்தேன், ஒருமுறைகூட வரவில்லை. பல இடங்களில் சொன்னபடி பிஎஸ்ஆர்-ஐ அணைக்கும் கெர்னல் ஆப்ஷனைப் போட்டுப் பார்த்தேன். பயன் இல்லை.

வடக்குவீதி:
முதலில் அந்த ஆப்ஷனை எடுத்துவிடுங்கள். படம் மாறாதபோது பேனல் தன் நினைவகத்திலிருந்தே காட்டிக்கொள்வதுதான் பிஎஸ்ஆர். அது லேப்டாப்பின் உள்திரைக்கானது, ஹெச்டிஎம்ஐ மானிட்டரை அது தொடுவதே இல்லை. அப்புறம் கேபிளை மாற்றுங்கள். முழுக்கக் கறுத்து இரண்டு விநாடியில் வருகிறது என்றால் மானிட்டர் சிக்னலைத் தொலைத்துவிட்டு மறுபடி பிடிக்கிறது என்று அர்த்தம். வேறு எதையும் தேட வேண்டாம்.

முள்முருங்கை:
இதை ஏற்க முடியாது. விண்டோஸில் வரவில்லை என்று அவர் தெளிவாக எழுதியிருக்கிறார். அதே கேபிள், அதே போர்ட், அதே மானிட்டர். மாறியது டிரைவர் மட்டும். எந்தப் பிரச்சினைக்கும் "கேபிளை மாற்று" என்று சொல்லிச் சொல்லியே பலரைக் கடைக்கு அனுப்பிவிட்டோம். காசு போகிறது, பிழை அப்படியே இருக்கிறது, பதிவாவதும் இல்லை.

வடக்குவீதி:
எந்த இயங்குதளம் ஓடுகிறது என்பது கேபிளுக்குத் தெரியாது, சரி. ஆனால் எவ்வளவு வேகத்தில் சிக்னல் போகிறது என்பது அதற்குப் பெரிய விஷயம். இரண்டு இயங்குதளமும் ஒரே வேகத்தில்தான் அனுப்புகின்றன என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

நெட்டைப்பனை:
இருவரும் கொஞ்சம் பொறுங்கள். மினுக்கல் எல்லாம் ஒரே ஜாதி இல்லை. வெள்ளைப் புள்ளிகள் பொரிந்தால் ஹெச்டிஎம்ஐ சிக்னலில் பிழை என்று சந்தேகிக்கலாம். படம் கிடைவாக ஒரு நொடி உதறினால் கெர்னல் பதிவில் "ஃபைஃபோ அண்டர்ரன்" (திரைக்குத் தரவு நேரத்துக்கு வந்து சேராத பிழை) இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் டிரைவர் பக்கம். வெளிச்சம் மட்டும் ஏறி இறங்கினால், படம் வரும் வேகத்துக்கேற்பத் திரையின் புதுப்பிப்பு வேகத்தை மாற்றும் அடாப்டிவ் சிங்க்கை அணைத்துப் பார்க்க வேண்டும்.

செம்பருத்தி, மூன்று காரியம் செய்யுங்கள். மானிட்டரின் சொந்த மெனுவைத் திறந்துவைத்துக் கறுக்கும்வரை காத்திருங்கள். மெனு நின்று படம் மட்டும் போனால் பேனல் நலம். (சில மானிட்டர்களில் மெனுவும் மூடிக்கொள்ளும், அப்படியானால் அதை வைத்து முடிவு செய்ய வேண்டாம்.) அடுத்து, மின்விசிறி ஸ்விட்சைப் போட்டு அணைத்துப் பாருங்கள். கடைசியாக, கேபிள் உறையில் என்ன அச்சிட்டிருக்கிறது?

முள்முருங்கை:
அதோடு ரூட்டாக நுழைந்து, கெர்னல் டீபக் கோப்புறையில் ஐ915 (இன்டெல் கிராஃபிக்ஸ் டிரைவர்) டிஸ்ப்ளே இன்ஃபோ கோப்பைத் திறந்து, ஹெச்டிஎம்ஐ திரைக்கு எதிரே பிபிபி, அதாவது ஒரு பிக்ஸலுக்கு எத்தனை பிட், எவ்வளவு என்று பாருங்கள்.

செம்பருத்தி:
பார்த்துவிட்டேன். மெனு அசையாமல் நிற்கிறது, பின்னால் படம் மட்டும் போகிறது. மின்விசிறியைப் பத்து முறை அணைத்ததில் மூன்று முறை கறுத்தது; இதை நான் கவனித்ததே இல்லை. உறையில் மங்கலாக "ஹை ஸ்பீடு" என்று இருக்கிறது, டார்ச் அடித்துத்தான் படிக்க முடிந்தது. அண்டர்ரன் எதுவும் பதிவில் இல்லை. பிபிபி 36.

முள்முருங்கை:
36! இதைத்தான் எதிர்பார்த்தேன். ஒரு பிக்ஸலுக்கு 24 பிட் போதும். மானிட்டர் 12 பிட் நிறத்தை ஏற்பேன் என்று சொன்னதால், நாம் கேட்காமலே டிரைவர் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொரு நிறத்துக்கும் 12 பிட் அனுப்புகிறது. எக்ஸ்11 வழக்கமாக வரைவதோ நிறத்துக்கு 8 பிட்தான். திரை அமைப்பை மாற்றும் எக்ஸ்ரேண்டர் கட்டளையில் அந்த அவுட்புட்டின் "மேக்ஸ் பிபிசி" (ஒரு நிறத்துக்கு அதிகபட்ச பிட்) மதிப்பை 8 ஆக்குங்கள். ஒரு ரூபாய் செலவில்லை.

வடக்குவீதி:
கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 2560 × 1440, 60 ஹெர்ட்ஸுக்கு வழக்கமான பிக்ஸல் கடிகாரம், அதாவது பிக்ஸல்களை அனுப்பும் வேகம், 241.5 மெகாஹெர்ட்ஸ். 8 பிட்டில் அப்படியே போகும். 12 பிட்டில் ஒன்றரை மடங்கு, சுமார் 362. "ஹை ஸ்பீடு" கேபிள் 340 வரைக்கும்தான் சோதிக்கப்படுகிறது. அதற்கு மேல், ஹெச்டிஎம்ஐ 2.0-வின் 600 வரை, தாங்கும் என்று சான்று பெற்றது "பிரீமியம் ஹை ஸ்பீடு". ஆக, எல்லையைத் தாண்டி ஓடுகிறது கேபிள். மின்விசிறி ஸ்விட்சின் சின்னப் பொறிக்கே சிக்னல் விழுவது அதனால்தான்.

செம்பருத்தி:
8 ஆக்கி இரண்டு நாள் ஆகிறது. ஒருமுறைகூடக் கறுக்கவில்லை. மின்விசிறியை இருபது முறை அணைத்தும் பார்த்தேன். எழுத்துகளில் எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. இருவருக்கும் நன்றி.

முள்முருங்கை:
அப்படியென்றால் கேபிளைத் தொடாமலே தீர்ந்தது. காலியான பிட்டுகளை அனுப்புவதற்காக எல்லையைத் தாண்டுவது டிரைவரின் தவறுதான். மானிட்டர் முடியும் என்றால் அனுப்பித்தான் ஆக வேண்டும் என்று கட்டாயமா?

வடக்குவீதி:
காலியானவை என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாதீர்கள். நிறத் திருத்த அட்டவணை ஏற்றி வேலை செய்பவருக்கு அந்தக் கூடுதல் பிட்டுகள் பயன்படும். இன்னொன்று: டிஸ்ப்ளேபோர்ட்டில் படம் அனுப்பும் முன் இரு முனையும் பேசி, எந்த வேகம் தாங்குகிறது என்று சோதித்துக்கொள்ளும். இந்த வகை ஹெச்டிஎம்ஐ-யில் அந்தச் சோதனை கிடையாது. நடுவில் இருக்கும் கேபிள் எப்படிப்பட்டது என்று டிரைவருக்கு எப்படித் தெரியும்?

முள்முருங்கை:
தெரியாது என்பதால்தான் அடக்கமாகத் தொடங்க வேண்டும் என்கிறேன். தேவைப்படுபவர் 12-ஐக் கேட்டு வாங்கட்டும். செம்பருத்தி போன்றவர் டீபக் கோப்பு வரை போக வேண்டியிருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

நெட்டைப்பனை:
ஒன்றைச் சொல்லவேண்டும். நீங்கள் வைத்த 8 லேப்டாப்பை மறுபடி தொடங்கினால் போய்விடும். நீங்கள் உள்நுழையும்போது தானாக ஓடும் கட்டளைகளில் அதைச் சேர்த்துவிடுங்கள். முடிந்தால் சான்று பெற்ற கேபிள் ஒன்றை யாரிடமாவது இரவல் வாங்கி, 12-இல் வைத்து ஒரு நாள் பாருங்கள்.

செம்பருத்தி:
பக்கத்துத் தெருவில் வீடியோ எடிட்டிங் செய்யும் தம்பியிடம் இரவல் வாங்கினேன். நேற்று காலையிலிருந்து பிபிபி 36, மின்விசிறி அணைத்தாலும் கறுப்பு இல்லை. இன்று மாலை கேபிளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பழைய கேபிளில் 8-இலேயே இருக்கப்போகிறேன். முள்முருங்கை, பிழைப் பதிவுக்குக் கெர்னல் பதிவும் அந்த டீபக் கோப்பும் போதுமா? இரண்டையும் இரு கேபிளுக்கும் தனித்தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.

முள்முருங்கை:
போதும். மானிட்டர் தன் திறன்களைக் கணினிக்குச் சொல்லும் இடிஐடி (EDID) கோப்பையும் சேர்த்து அனுப்புங்கள். இன்று இரவே எழுதுகிறேன்.