சன்னல் வழியே விழும் வெள்ளொளி: ஆலோசனை தேவை

தண்டையார்பேட்டையில் எங்கள் முதல் மாடி வீட்டுக்கு எதிரே மஞ்சள் சோடியம் தெருவிளக்கு போய் வெள்ளை எல்.இ.டி. வந்ததிலிருந்து, எழுபதைக் கடந்த என் தாயார் நள்ளிரவு தாண்டியும் உறங்காமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார். கொடியில் காயும் துண்டின் நிழல்கூடச் சுவரில் துல்லியமாக விழுகிறது. வெள்ளை எல்.இ.டி. ஒளியில் நீலம் கலந்திருக்கிறது; விழித்திரையில் மெலனாப்சின் என்னும் ஒளியுணர் நிறமி கொண்ட செல்கள் சுமார் 480 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளியால் மிகுதியாகத் தூண்டப்படுவதால், உறக்கத்துக்குத் துணைபுரியும் மெலடோனின் என்னும் ஹார்மோனின் சுரப்பு குறைகிறது; சிவப்பொளியில் இவ்விளைவு மிகக் குறைவு. முதுமையும் ஒரு காரணமாக இருக்கலாம், ஆயினும் விளக்கின் மீதே எனக்குச் சந்தேகம்.

கனத்த திரை போட்டால் கடற்காற்று நின்று அறை புழுங்குகிறது. ஆகவே, காற்றை மறிக்காமல் ஒளியை மட்டும் தடுக்கும் சாய்வுப் பலகைகளையோ கண்மறைப்பையோ முதியவர்களுக்குப் பயன்படுத்திப் பார்த்தவர்கள், பலன் இருந்ததா, எங்கே கிடைக்கும் என்று தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.