தனியாக ஆவணப்படம் எடுப்பவருக்குப் பிழைப்பு எப்படி நடக்கிறது?

முத்துநகரான் (கேள்வி):
அனைவருக்கும் வணக்கம். எனக்கு 28 வயது. தூத்துக்குடியில் ஏழு ஆண்டுகளாகக் கல்யாண வீடியோ எடுத்துத் தொகுத்துக் கொடுத்து வருகிறேன். சென்ற ஆண்டு பங்குனி முதல், முகூர்த்தம் இல்லாத நாட்களில் உப்பளத்துக்குப் போய், முப்பது ஆண்டுகளாக உப்பு வாரும் ஓர் அம்மாவைப் படம்பிடித்து வருகிறேன். விடியுமுன்னே வந்துவிடும் அவர், பாத்தியில் இறங்குவதற்கு முன் பழைய காலுறையை இழுத்து மாட்டி, கணுக்காலில் ரப்பர் வளையம் போட்டு இறுக்கிக்கொள்வார். அந்த ஒரு நிமிடத்தை மட்டும் பதினோரு முறை எடுத்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் அது வேறாகவே இருக்கிறது.

இதையே தொழிலாகக் கொள்ள விரும்புகிறேன். முதலில் குறும்படம், பிறகு விருது, பிறகு நிதி, அதன்பின் முழுநீளப் படம் என்று ஏதேனும் படிவரிசை உண்டா? கல்யாண வேலையை விட்டுவிட வேண்டுமா?

வைகைக்கரை:
தம்பி, கல்யாண வேலையை விடாதீர்கள். இருபது ஆண்டுகளாக இந்தத் துறையில் இருக்கிறேன். ஆவணப்படத்தின் வருமானத்தில் மட்டுமே குடும்பம் நடத்துபவர்களை நான் மிகக் குறைவாகவே பார்த்திருக்கிறேன். பெரும்பாலோர் கற்பிக்கிறார்கள், பிறர் படங்களுக்கு ஒளிப்பதிவோ தொகுப்போ செய்கிறார்கள், அல்லது தொண்டு நிறுவனங்களுக்குப் படம் எடுத்துக் கொடுக்கிறார்கள். 2022-இல் ஆஸ்கர் பரிந்துரை பெற்ற ‘ரைட்டிங் வித் ஃபயர்’ படத்தின் இயக்குநர்கள் ரின்டு தாமஸும் சுஷ்மித் கோஷும் 2009-இலேயே சிறு நிறுவனம் ஒன்றைத் தொடங்கி, பல அமைப்புகளுக்குக் குறும்படங்கள் செய்து வந்தவர்கள். அந்த ஒரு படத்துக்கு ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் செலவிட்டார்கள். மூத்த ஆவணப்பட இயக்குநர் ஆனந்த் பட்வர்தன் ‘ஜெய் பீம் காம்ரேட்’ படத்துக்கு எடுத்துக்கொண்டதோ 14 ஆண்டுகள். நீங்கள் சொல்லும் படிவரிசை இங்கே இல்லை. படம் முடியும்வரை அதன் அருகிலேயே இருப்பதற்குத் தேவையான நாட்களை எங்கிருந்து பெறுவது என்பதுதான் இந்தத் தொழிலில் நாம் போடவேண்டிய கணக்கு. முகூர்த்த நாட்கள் உங்களுக்கு மற்ற நாட்களை வாங்கித் தருகின்றன. அதைக் குறைவாக எண்ணாதீர்கள்.

ஒன்றை மட்டும் என் இழப்பிலிருந்து சொல்கிறேன். தொடக்க காலத்தில் ஓர் அமைப்புக்காக, பறை செய்யும் முதியவர் ஒருவரை எட்டு நாட்கள் எடுத்தேன். பன்னிரண்டு நிமிடப் படத்தைக் கொடுத்தபோது, ஃபுட்டேஜ், அதாவது எடுத்த காட்சிகள் முழுவதும் அவர்களுக்கே சொந்தம் என்ற தாளில் படிக்காமல் கையெழுத்திட்டேன். இரண்டு ஆண்டுகளில் பெரியவர் இறந்துவிட்டார். தோலை நெருப்பில் காட்டியபடி அவர் பேசிய நான்கு மணி நேரத்தை, அவருடைய மகன் வந்து கேட்டபோதும் என்னால் பெற்றுத்தர முடியவில்லை. எனவே யாரிடம் கூலி வாங்கினாலும், ஃபுட்டேஜைப் பயன்படுத்தும் உரிமை உங்களுக்கும் உண்டு என்று எழுதி வாங்குங்கள். உப்பளப் படத்துக்கு நிதி கிடைக்கும்போதும் இதை விட்டுக்கொடுக்காதீர்கள்.

நிலவொலி:
ஒலிப்பதிவாளராக நான் இரண்டு செய்திகளைச் சேர்க்கிறேன். நிதி தேடத் தொடங்கும்போது விருதை யாரும் முதலில் கேட்பதில்லை; எடுத்த காட்சிகளிலிருந்து சில நிமிடங்கள், படத்தை எப்படிச் சொல்லப்போகிறீர்கள் என்ற எழுத்து, நம்பத்தகுந்த பட்ஜெட் ஆகியவற்றையே கேட்கிறார்கள். ஆம்ஸ்டர்டாமின் ஆவணப்பட விழாவான இட்ஃபாவின் பெர்த்தா நிதி, நம்மைப் போன்ற நாடுகளின் படங்களுக்காகவே நடத்தப்படுகிறது. கொல்கத்தாவில் நடக்கும் டாக்எட்ஜ் என்ற ஆவணப்படச் சந்திப்பில், வெளிநாட்டுத் தயாரிப்பாளர்களின் முன் படத்தை எடுத்துச்சொல்லப் பழகலாம். கேமராவின் மைக்கை மட்டும் நம்பி எடுத்த காட்சிகளை அனுப்பாதீர்கள். உப்பளத்தின் காற்று, பேச்சை முழுவதுமாக அடித்துக்கொண்டு போய்விடும்.

இரண்டாவது, அந்த அம்மாவின் கூலி. நேர்காணலுக்காக அவரை அரை நாள் உட்கார வைத்தால் அந்த அரை நாள் கூலியை அவர் இழக்கிறார். பணம் கொடுத்தால் உண்மை கெட்டுவிடும் என்று வாதிடுபவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. இழந்த கூலியை ஈடுசெய்வது நம் கடமை, அதைப் பட்ஜெட்டிலேயே எழுதுங்கள்.

முத்துநகரான்:
மிக்க நன்றி, அண்ணா, அக்கா. காலுறைக் காட்சி முழுவதும் கேமரா மைக்கில் எடுத்ததுதான். சட்டையில் குத்தும் லேப்பல் மைக் வாங்கிவிடுகிறேன். முடித்தபின் எங்கே காட்டுவது? சென்சார் சான்றிதழ் கட்டாயமா?

திரைச்சீலை:
பொதுத் திரையிடலுக்குச் சட்டப்படி சான்றிதழ் வேண்டும். தேசிய விருதுக்கு அனுப்பவும் வேண்டும். திரைப்பட விழாக்கள் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்திடம் விலக்குப் பெற்றுத் திரையிடுகின்றன. இதற்காகவே பெரிய போராட்டங்கள் நடந்திருக்கின்றன. 2004-இல் நடந்த மும்பை ஆவணப்பட விழாவுக்கு, இந்தியப் படங்களுக்கு மட்டும் சான்றிதழைக் கட்டாயமாக்கியதை எதிர்த்து இயக்குநர்கள் ஒன்றுகூடினார்கள். அந்த விதி கைவிடப்பட்டும் பல படங்கள் நிராகரிக்கப்பட்டபோது, ‘விகல்ப்’ என்ற பெயரில் தனியே திரையிட்டார்கள். பட்வர்தன் தம் படங்களைத் தூர்தர்ஷனில் காட்டவைக்க உச்ச நீதிமன்றம் வரை செல்ல நேர்ந்தது.

நமக்கு அருகில், ஆவணப்பட இயக்குநர் ஆர்.பி.அமுதன் 1998-இல் மதுரையில் தொடங்கிய ஆவணப்பட விழா இருக்கிறது. திருவனந்தபுரத்தில் கேரள அரசின் ஆவணப்பட, குறும்பட விழா 2008 முதல் நடக்கிறது. இரண்டுக்கும் அனுப்புங்கள். ஆனால் அதற்கு முன்பே அந்த அம்மாவும் அவருடன் வேலை செய்பவர்களும் பார்க்கட்டும். அவர்கள் நீக்கச் சொல்லும் இடம் ஒன்று நிச்சயம் இருக்கும். தொகுப்பை முடித்துவிட்ட பிறகு அதைக் கேட்க நமக்கு மனம் வராது.

வைகைக்கரை:
தம்பி, ஒரு கேள்வி. ஐப்பசியில் மழை தொடங்கி உப்பளத்தில் வேலை நின்றபின் அவர் எதை வைத்துச் சாப்பிடுகிறார்? அதை எடுத்திருக்கிறீர்களா?

முத்துநகரான்:
இல்லை, அண்ணா. சென்ற ஐப்பசியிலும் கார்த்திகையிலும் எனக்கு வரிசையாக முகூர்த்தங்கள் இருந்தன. அவரும் வேலை தேடி எங்கோ போய்விட்டார் என்று மட்டும் தெரிந்தது. இந்த ஆண்டு அந்த இரண்டு மாதங்களில் வந்த மூன்று கல்யாணங்களை நண்பர் ஒருவருக்குக் கொடுத்துவிடுகிறேன். எங்கே போகிறார் என்று நாளைக்கே அவரிடம் கேட்கிறேன்.