வருஷா வருஷம் "கேஸ் போச்சு": தப்பு மெக்கானிக் மேலயா, நம்ம மேலயா?

செக்காலை வாசி:
அப்பத்தா படுக்கிற ரூம்ல ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏசி. மூணு வருஷமா சித்திரை பொறந்தா கூலிங் நின்னுருது. வர்ற ஆள் கேஸ் பிரஷர் காட்டுற கேஜை மாட்டிப் பார்த்துட்டு "கேஸ் போச்சு"ங்கிறாரு. அடிச்சுட்டு 3,500 ரூபா வாங்கிட்டுப் போயிர்றாரு, பில்லும் கிடையாது. கேஸ் என்ன பெட்ரோலா, ஓட ஓடத் தீர்றதுக்கு? காரைக்குடியில இனி வெளி ஆளைக் கூப்பிடறதா இல்லை, கம்பெனி சர்வீஸ்தான்.

தேவகோட்டை மெக்கானிக்:
தம்பி, கேஸ் தீராது, கசிஞ்சாத்தான் குறையும். அது சரி. ஆனா கசிவைக் கண்டுபிடிக்க நைட்ரஜன் ஏத்தி, ஜாயின்ட்டுக்கு ஜாயின்ட் சோப்பு நுரை தடவி, பிரஷர் இறங்குதான்னு காத்துக் கிடக்கணும். அரை நாள் போயிரும். "அதெல்லாம் வேணாம், கேஸை மட்டும் அடிச்சு விடுங்க"ன்னு சொல்றவங்களை தினம் பார்க்கிறேன். நம்ம செட்டிநாட்டு வளவு வீடுகள்ல வேற, முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசின சுவத்தைத் துளைக்க விடமாட்டாங்க. பின்கட்டுல அவுட்டோரை, அதான் ஏசியோட வெளிப் பெட்டியை, வச்சு அங்கிருந்து காப்பர் பைப்பை இழுத்துட்டு வரணும். நீளம் கூடினா நடுவுல ஜாயின்ட் விழும், கசிவும் அங்க வரலாம். அதுக்கு மெக்கானிக்கைத் திருடன்னு சொல்லலாமா?

பள்ளத்தூர் ஆச்சி:
இதை நான் ஒத்துக்க மாட்டேன் அண்ணே. கசிவு இருக்குன்னு தெரிஞ்சும் சொல்லாம கேஸை அடிச்சா அது ஏமாத்துதான். ஆனா தம்பி, கம்பெனி ஆளும் யோக்கியம்னு நம்பிராதீங்க. போன வருஷம் எங்க வீட்டு அவுட்டோர்ல ஃபேன் சுத்துது, கம்ப்ரசர் உம்முன்னு முனகிட்டு நின்னுருது. கம்பெனியில இருந்து வந்தவர் கம்ப்ரசரே மாத்தணும், 14,000 ஆகும்னாரு. எனக்கு மனசு கேக்கலை. தெருமுனையில கடை வச்சிருக்கிற பையனைக் கூப்பிட்டேன். கம்ப்ரசரைக் கிளப்பி விடற கெபாசிட்டரைக் கழட்டி என் கையில வச்சான், தலை உப்பியிருந்துச்சு. மேல 50 மைக்ரோஃபாரட்னு போட்டிருக்கு, மீட்டர்ல 31தான் காட்டுது. 450 ரூபாயில முடிஞ்சுது. காட்டிச் சொல்றவன்தான் எனக்கு நல்ல மெக்கானிக், எந்தச் சட்டை போட்டிருந்தா என்ன?

செக்காலை வாசி:
ஆச்சி, நமக்கு மீட்டர் பார்க்கத் தெரியாதே. வந்தவர் சரியாத்தான் செய்றாருன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

தேவகோட்டை மெக்கானிக்:
அவுட்டோர் ஸ்டிக்கர்ல ஆர்32 மாதிரி கேஸ் பேரும், இத்தனை கிராம்னும் போட்டிருக்கும். முழுசா அடிக்கும்போது அந்த எடைக்குத் தராசு வச்சு அடிக்கணும். அதுக்கு முன்னாடி வேக்குவம் பம்ப் போட்டு, பைப்ல இருக்கிற காத்தையும் ஈரத்தையும் இழுக்கணும். பம்பும் தராசும் இல்லாம வந்தா திருப்பி அனுப்பிருங்க. கசிஞ்ச இடத்துல எண்ணெய்ப் பிசுக்கு நிக்கும், டார்ச் அடிச்சு நீங்களே பார்க்கலாம். பில் விஷயத்துல உங்க பக்கம் நியாயம் இருக்கு. கேட்டவங்களுக்குத்தான் எழுதிக் கொடுத்திருக்கேன், அது என் தப்பு.

செக்காலை வாசி:
இப்பத்தான் பின்கட்டுல பார்த்தேன். அவுட்டோர் பக்கத்துல காப்பர் பைப்பை இணைக்கிற ஃப்ளேர் நட்டைச் சுத்தி கறுப்பா எண்ணெயும் தூசியும் அப்பியிருக்கு. மூணு வருஷமா வந்தவர் அந்த நட்டுலருந்து ஒரு சாண் தள்ளித்தான் கேஜை மாட்டினாரு! அண்ணே, சனிக்கிழமை நைட்ரஜனோட வர முடியுமா?

தேவகோட்டை மெக்கானிக்:
வர்றேன் தம்பி. கசிவு கிடைக்கலைன்னாலும் டெஸ்ட் கூலி உண்டு, இப்பவே சொல்லிர்றேன்.

பள்ளத்தூர் ஆச்சி:
கிடைக்கலைன்னா எதுக்குக் கூலி? தம்பி, எவ்வளவுன்னு முதல்லயே எழுதி வாங்கிக்கங்க.