கொயட் காரில் அம்மாவின் அழைப்பு

அலுவலக வேலையாக நியூயார்க்கில் இரண்டு வாரம் இருந்தேன். நடுவில் வந்த ஜூன் மாதச் சனிக்கிழமையில், தனியாகவே வாஷிங்டன் போகலாமென்று ஆம்ட்ராக் ரயிலில் டிக்கெட் போட்டேன். சுமார் 360 கிலோமீட்டர், நம்ம சென்னை – பெங்களூரு தூரம்தான். மூன்றரை மணி நேரம். முந்தின ராத்திரி அம்மா சொன்ன புத்திமதி ஒன்றே ஒன்று: "பக்கத்து சீட்டுக்காரங்க எது குடுத்தாலும் வாங்கித் தின்னாதே." மயக்க பிஸ்கட் கதை கேட்டே வளர்ந்த வீடு எங்களுடையது.

ரயில் மோய்னிஹான் ஹாலிலிருந்து. பழைய தபால் நிலையக் கட்டடம், 2021-ல்தான் ரயில் கூடமாகத் திறந்தார்கள். எந்த நடைமேடை என்பது கிளம்பக் கொஞ்ச நேரம் முன்புதான் பலகையில் வருமாம். அதுவரை மொத்தக் கூட்டமும் பெட்டியும் பையுமாக அண்ணாந்து நிற்கிறது. எண் விழுந்ததுதான் தாமதம், எல்லோரும் எஸ்கலேட்டரைப் பார்த்து ஓட்டம். சீட் நம்பர் கிடையாது, முந்துகிறவருக்கு ஜன்னல். துண்டு போட்டு இடம் பிடிக்கும் பழக்கம் மட்டும்தான் இன்னும் அங்கே போய்ச் சேரவில்லை.

ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்துக்கொண்டே போனேன். ஒன்று மட்டும் பாதி காலியாக, கோயில் மாதிரி அமைதியாக இருந்தது. நம் அதிர்ஷ்டம் என்று வலது பக்க ஜன்னலில் உட்கார்ந்தேன். பத்து மணிக்கு அம்மாவின் வீடியோ கால். அங்கே ஏழரை, சீரியல் இடைவேளை போல.

"சாப்டியாடி? ரயில் எப்படி இருக்கு, காட்டு!"

ஸ்பீக்கரில் அம்மாவின் குரல் பெட்டி முழுக்கக் கேட்டது. நானும் உற்சாகமாக போனைச் சுழற்றி எல்லாவற்றையும் காட்டினேன். அதில்தான் தெரிந்தது, ஒவ்வொரு முகமும் என்னையே பார்ப்பது. எதிர் வரிசையில் எண்பது வயதிருக்கும் ஒரு பாட்டி, உதட்டில் விரலை வைத்து, அதே விரலால் கூரையில் தொங்கிய பலகையைக் காட்டினார். கொயட் கார். போனில் பேசவே கூடாத பெட்டி.

"அப்புறம் கூப்பிடறேம்மா" என்று வெட்டிவிட்டுத் தலையைக் குனிந்தவள்தான்.

அரை மணி நேரம் போயிருக்கும். அதே பாட்டி என் தோளைத் தட்டி ஜன்னலைக் காட்டினார். டெலாவேர் ஆற்றைக் கடந்துகொண்டிருந்தோம். பக்கத்துப் பாலத்தின் மேல் பெரிய பெரிய எழுத்துகள்: 'ட்ரென்டன் மேக்ஸ் தி வேர்ல்ட் டேக்ஸ்'. ட்ரென்டன் ஊர் செய்யும், உலகம் வாங்கிக்கொள்ளும். என்ன ஒரு தெனாவட்டு! பாட்டியிடம் ஜாடையிலேயே 'யார் எழுதியது?' என்று கேட்டேன். சிரித்து, எழுந்து, கூட வரச் சொன்னார். கேன்டீன் பெட்டியில் தாராளமாகப் பேசலாமே.

காபியோடு கதை வந்தது. அவருடைய அப்பா ட்ரென்டனில் ரோப்ளிங் கம்பெனியில் கம்பி வடம் முறுக்கியவராம். ஜார்ஜ் வாஷிங்டன் பாலம், கோல்டன் கேட் பாலம் இரண்டையும் தாங்கும் வடங்கள் அந்தக் கம்பெனியுடையவை. ஆலை மூடிப் பல காலம் ஆகிவிட்டது, எழுத்து மட்டும் நிற்கிறது. "எப்போது கடந்தாலும் ஒரு தடவை வாசித்துவிடுவேன்" என்றார். பேசும்போது இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துத் தேய்த்து, வடம் முறுக்குவதைக் காட்டினார். அப்பாவின் கை பார்த்துப் பழகியதாக இருக்கும். பிலடெல்பியா வந்ததையே நான் கவனிக்கவில்லை.

சஸ்குவெஹானா ஆறு வந்தபோது மட்டும் இருவரும் பேச்சை நிறுத்தினோம். அவ்வளவு அகலம். பழைய பாலத்தின் கல்தூண்கள் தலையில் எதுவும் இல்லாமல் தண்ணீரில் வரிசையாக நின்றன.

பால்டிமோரில் இறங்கும் முன் கைப்பையைத் துழாவி இரண்டு இஞ்சி மிட்டாய் எடுத்து நீட்டினார். ஒரு நொடி தயங்கினேன், ஒப்புக்கொள்கிறேன். அப்புறம் வாங்கிக்கொண்டேன்.

ஒரு மணி வாக்கில் வாஷிங்டன். 1907-ல் திறந்த யூனியன் ஸ்டேஷனின் வளைவுகளைத் தாண்டி வெளியே வந்தால், தூரத்தில் அமெரிக்க நாடாளுமன்றமான கேப்பிடலின் குவிமாடம். அங்கேயே நின்று அம்மாவுக்கு போன் போட்டேன். ராத்திரி பத்தரைக்கும் தூங்காமல் காத்திருந்தார்.

"யார்கிட்டயாவது எதுனா வாங்கிச் சாப்டியா?"

"இல்லம்மா."

"அப்புறம் என்னடி வாயில?"