கோ சமுய் தீவில் குடியேற பிரிட்டிஷ் பென்ஷன் போதுமா?

கடற்காற்று:
வணக்கம். அடுத்த வருடம் எனக்கு பிரிட்டிஷ் அரசு ஓய்வூதியம் தொடங்குகிறது, சின்னதாக ஒரு கம்பெனி பென்ஷனும் உண்டு. குளிரில் இருந்தது போதும் என்று நானும் மனைவியும் தாய்லாந்தின் கோ சமுய் தீவுக்கே போய்விடலாமா என்று யோசிக்கிறோம். அவருக்கு 57 வயது. லண்டன் வீட்டை விற்றுவிட்டு அங்கே கடல் தெரிகிற மாதிரி ஒரு வில்லா வாங்க ஆசை. விசா கிடைப்பது கஷ்டமா?

தீவுவாசி:
ஓய்வுபெற்றவர்களுக்கான விசா கஷ்டமில்லை ஐயா, அதைக் கட்டிக்காப்பதுதான் வேலை. 50 வயது தாண்டியிருக்க வேண்டும், தாய்லாந்து வங்கியில் உங்கள் பெயரில் 8 லட்சம் பாட் (அந்த நாட்டு நாணயம்) இருக்க வேண்டும், இல்லையென்றால் மாதம் 65,000 பாட் வருமானம் காட்ட வேண்டும். அந்த 8 லட்சம் விண்ணப்பிப்பதற்கு 2 மாதம் முன்பே கணக்கில் இருக்க வேண்டும், வருடா வருடம் வாங்கும் விசா நீட்டிப்பு கிடைத்து 3 மாதம் தொடக்கூடாது, அப்புறமும் 4 லட்சத்துக்குக் கீழே இறங்கக்கூடாது. செலவுக்கான பணமாக அதை நினைக்கவே வேண்டாம். 90 நாளுக்கு ஒருமுறை குடிவரவு அலுவலகத்துக்கு முகவரி தெரிவிக்க வேண்டும். ரீ-என்ட்ரி பெர்மிட் (திரும்பி வருவதற்கான அனுமதி) எடுக்காமல் பேரப்பிள்ளையைப் பார்க்க விமானம் ஏறினீர்களோ, நீட்டிப்பு அத்தோடு போச்சு.

வில்லாவா? வெளிநாட்டவர் அங்கே நிலம் வாங்க முடியாது, 30 வருடக் குத்தகைதான். கம்பெனி தொடங்கி தாய்லாந்துக்காரர்களைப் பெயருக்குப் பங்குதாரராகப் போட்டு வாங்கலாம் என்று எந்த ஏஜென்டாவது இனிக்க இனிக்கப் பேசினால் எழுந்து வந்துவிடுங்கள், அது சட்டவிரோதம். முதலில் வாடகைக்கு இருந்து பாருங்கள், அதுவும் அக்டோபர், நவம்பரில். மேற்குக் கரையில் உள்ள பூக்கெட் தீவில் மழை ஓயும் நேரத்தில்தான் சமுயில் கொட்டும். அலமாரியில் தொங்கும் சட்டையில் பூஞ்சை பூத்திருப்பதைப் பார்த்த பிறகும் பிடித்திருந்தால் சரி.

பழையகணக்கு:
முக்கியமானதை யாருமே சொல்லவில்லையே. தாய்லாந்தில் குடியேறினால் உங்கள் அரசு ஓய்வூதியம் அப்படியே உறைந்துவிடும், வருடாந்திர உயர்வு கிடையாது. பிலிப்பைன்ஸ், மொரீஷியஸ் என்றால் ஒப்பந்தம் இருப்பதால் ஏறிக்கொண்டே போகும். அதுவும் தீவுதானே, ஏன் சமுயே வேண்டும் என்கிறீர்கள்? 2024 முதல், வருடத்தில் 180 நாள் தாய்லாந்தில் இருப்பவர் வெளிநாட்டு வருமானத்தை உள்ளே கொண்டுவந்தால் அங்கே வரிக்கணக்கில் வரும். இரட்டை வரி ஒப்பந்தம் இருந்தாலும் ஒரு ஆடிட்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். என்.எச்.எஸ். (பிரிட்டிஷ் அரசு மருத்துவ சேவை) இலவச சிகிச்சையும் பிரிட்டனில் குடியிருப்பவருக்குத்தான். ஆகவே இன்சூரன்ஸ் எடுத்தாக வேண்டும், எழுபதைத் தாண்டினால் பிரீமியம் கண்ணைக் கட்டும். ஸ்கூட்டர் ஓட்டுவதானால் மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் எடுங்கள், அது இல்லாமல் விழுந்தால் காப்பீடு கைவிரித்துவிடும்.

கடற்காற்று:
ஓய்வூதியம் உறையும் என்பது தலையில் கல்லைப் போட்ட மாதிரி இருக்கிறது. மனைவிக்கும் தனியாக 8 லட்சம் வேண்டுமா?

தீவுவாசி:
உங்களைச் சார்ந்தவராக வந்தால் வேண்டாம். ஆனால் அப்போது அவருடைய அனுமதி உங்கள் விசாவில் தொங்கும். நாளைக்கு உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அவருடையதும் முடிந்தது, உங்கள் பெயரில் உள்ள வங்கிக் கணக்கையும் தாய்லாந்து நீதிமன்ற உத்தரவு வரும்வரை தொட முடியாது. அவருக்கும் 50 தாண்டிவிட்டது, முடிந்தால் அவர் பெயரிலேயே தனி விசா எடுத்துவிடுங்கள். இருவரும் அங்கேயே தாய்லாந்து மொழியில் ஒரு உயில் எழுதி வையுங்கள்.