மறு: வேஸ்ட்கேட் – ‘கழிவுவாயில்’ பொருந்துமா? ‘மறுகால்’ என்றொரு முன்மொழிவு

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

பழைய டீசல் பிக்கப் வண்டியில் டர்போவை (புகைவளியின் விசையால் சுழன்று எஞ்சினுக்குள் காற்றை அமுக்கித் தரும் கருவியை) மாற்றுவது பற்றிய விளக்கக் கட்டுரைக்காக நாம் தொகுத்துவரும் சொற்பட்டியலில், டர்போ எல்லை மீறிச் சுழலாமல் காக்கும் வேஸ்ட்கேட் என்பதற்கு நேராகக் ‘கழிவுவாயில்’ என்று எழுதப்பட்டிருக்கிறது. அதை ஏற்பதற்கு முன், அந்த உறுப்பு வண்டியில் என்ன வேலை செய்கிறது என்பதைச் சற்று விரிவாகப் பார்த்துவிடலாம் என்று நினைக்கிறேன். கட்டுரையைப் படிப்பவர் எடுக்க வேண்டிய முதன்மையான முடிவு அந்த உறுப்பைச் சுற்றியே அமைந்திருப்பதால், இந்த ஒரு சொல் பிசகினால் கட்டுரையின் பாதி புரியாமல் போய்விடும்.

கட்டுரை எடுத்துக்கொண்டிருப்பது 1989இல் வெளிவந்த டாட்ஜ் ராம் வண்டியை. அதில் 5.9 லிட்டர் கொள்ளளவும் ஆறு சிலிண்டர்களும் கொண்ட கம்மின்ஸ் டீசல் எஞ்சின் இருக்கிறது. அப்போது அதன் திறன் 160 குதிரைத்திறன். அதில் பொருத்தப்பட்ட ஹோல்செட் எச்1சி டர்போவில் வேஸ்ட்கேட் கிடையாது. எஞ்சினிலிருந்து வரும் புகைவளி முழுவதும் சுழலியின் (புகைவளியால் சுற்றும் சக்கரத்தின்) வழியாகத்தான் வெளியேற வேண்டும். முழு வேகத்தில் எஞ்சின் ஓடும்போது வரும் புகைவளியின் அளவைத் தாங்க வேண்டும் என்பதால், சுழலிக் கூட்டின் வாயைப் பெரிதாக வைத்துவிட்டார்கள். வாய் பெரிதாக இருந்தால் குறைந்த வேகத்தில் வரும் சிறிதளவு புகைவளிக்கு விசை போதாது. சுழலி மெதுவாகத்தான் முடுக்கம் பெறும். சுமையோடு மேடேறும் வண்டியில் முடுக்கியை மிதித்தபின், கரும்புகை கக்கியபடி எஞ்சின் சற்று நேரம் தயங்குவதற்கு இதுவே காரணம். இந்தத் தயக்கத்துக்குப் பட்டியலில் ‘சுணக்கம்’ என்று முன்மொழிந்தவருக்கு என் பாராட்டு. அதைப் பற்றி மேலும் பேசவே வேண்டியதில்லை.

அடுத்த தலைமுறை வண்டிகளில் பரவலாக வந்த எச்எக்ஸ்35 டர்போவில், சுழலிக் கூட்டின் வாய்ப்பரப்பு 12 சதுர சென்டிமீட்டராகச் சுருங்கியது. சிறிய வாய் என்பதால் குறைந்த வேகத்திலேயே சுழலி விரைந்து சுழன்று, எஞ்சினுக்கு வேண்டிய காற்றை அமுக்கித் தந்துவிடும். ஆனால் வேகம் கூடும்போது அதே சிறிய வாய் சிக்கலாகும். சுழலி தாங்கும் வேகத்தைக் கடந்துவிடும். அதைத் தடுப்பதற்காகக் கூட்டின் பக்கவாட்டில் ஒரு துளையிட்டு, அதன்மேல் காசு போன்ற ஒரு சிறு தட்டு மூடியை வைத்தார்கள். அழுத்தம் குறித்த அளவைத் தொட்டதும் மூடி திறக்கும். மிகுதியான புகைவளி சுழலியைத் தொடாமலேயே பக்கவழியாக வெளியேறும். இந்த அமைப்புத்தான் வேஸ்ட்கேட். ஹோல்செட் நிறுவனம் தன் டர்போக்களின் பெயரில் ‘டபிள்யூ’ என்னும் எழுத்தைச் சேர்ப்பதும் இதைக் குறிக்கவே.

இனிச் சொல்லுக்கு வருகிறேன். ‘கழிவுவாயில்’ என்பதில் எனக்குள்ள முதன்மையான மறுப்பு, அது வேறுபடுத்த வேண்டியதை வேறுபடுத்தவில்லை என்பதே. சுழலியைச் சுழற்றிவிட்டுப் போகும் வளியும் கழிவுதான், பக்கத் துளை வழியே போகும் வளியும் கழிவுதான். இரண்டும் கடைசியில் ஒரே புகைக்குழாயில்தான் சேர்கின்றன. கழிவு வெளியேறும் வாயில் என்று படிப்பவர், அது புகைக்குழாயின் வாய் என்றே நினைப்பார். கழிவு என்றாலே வீண் என்ற எண்ணமும் கூடவே வந்துவிடுகிறது. மூடியை நிரந்தரமாக அடைத்துவிட்டால் வீணாகும் விசையை மீட்கலாம் என்று எண்ணிப் பலர் டர்போவைக் கெடுத்துக்கொள்வதற்கு, ஆங்கிலப் பெயரில் உள்ள அந்த முன்சொல்லும் ஒரு காரணமோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. நாம் புதிதாகப் பெயர் வைக்கும்போது அந்தக் குறையையும் சேர்த்து மொழிபெயர்க்க வேண்டியதில்லை.

நான் முன்மொழிவது ‘மறுகால்’. நெல்லை, தூத்துக்குடிப் பக்கம் குளம் நிறைந்து மிகுதி நீர் வெளியேறுவதைக் ‘குளம் மறுகால் பாய்கிறது’ என்பார்கள். மடை வழியாகப் போகும் நீர் வயலில் வேலை செய்கிறது. மறுகால் வழியாகப் போகும் நீர் வேலை எதுவும் செய்வதில்லை, ஆனால் கரையைக் காக்கிறது. சுழலியின் வாய்க்கும் பக்கத் துளைக்கும் உள்ள உறவு இதுவேதான். மறுகாலில் போகும் நீரைக் கழிவு நீர் என்று எந்த விவசாயியும் சொல்லமாட்டார். கால் என்ற சொல் வாய்க்காலைக் குறிப்பதோடு பழந்தமிழில் காற்றையும் குறிக்கும் என்பது, நாம் தேடாமலே கிடைத்த கொசுறு.

இதே பொருளில் ‘கலிங்கு’ என்ற சொல்லையும் ஒரு நண்பர் எடுத்துக்காட்டியிருந்தார். அருமையான சொல் அது. சென்னை மாகாணத்தில் பாசன வேலை பார்த்த ஆங்கிலேயப் பொறியாளர்கள் வேறு சொல் தேடாமல் ‘கலிங்குலா’ என்று அதையே தம் அறிக்கைகளில் எழுதிக்கொண்டார்கள். ஆயினும் இங்கே நான் அதை இரண்டாம் இடத்தில்தான் வைப்பேன். கலிங்கு, கலுங்கு, கலிங்கல் என வட்டாரத்துக்கு வட்டாரம் வடிவம் மாறுகிறது. கலைச்சொல்லுக்கு அது இடைஞ்சல். மேலும் கலிங்கு என்பது கல்லால் கட்டிய கட்டுமானம். மறுகால் என்பதோ நீர் போகும் வழி. நமக்கு வேண்டியது வழியின் பெயர். மூடி, தண்டு, அதை நகர்த்தும் கலம் ஆகியவற்றுக்கு அந்த வழியின் பெயரை முன்னொட்டாக வைத்துத் தனித்தனிப் பெயர்கள் அமைத்துக்கொள்ளலாம்.

நேற்றைய மடலில் வந்த மறுப்பு இது:

> மறுகால் தானாகவே வழிவது. நீர்மட்டம் ஏறினால் போதும், யாரும் திறக்க வேண்டியதில்லை. வேஸ்ட்கேட்டையோ ஒரு கலம் தண்டை நகர்த்தித் திறக்கிறது. ஒப்புமை அங்கே உடைகிறது அல்லவா, ஐயா?

நல்ல கேள்வி. கலத்துக்குள் ஒரு சவ்வும் ஒரு சுருள்வில்லும் இருக்கின்றன. அமுக்கியின் (எஞ்சினுக்குக் காற்றை அமுக்கித் தரும் சக்கரத்தின்) கூட்டிலிருந்து ஒரு சிறு ரப்பர் குழாய் கலத்துக்கு வருகிறது. அமுக்கிய காற்றின் அழுத்தம் சவ்வைத் தள்ள, சவ்வு சுருள்வில்லை அமுக்க, தண்டு நகர்ந்து மூடியைத் திறக்கிறது. ஆகவே இதிலும் ஆள் யாரும் இல்லை. அழுத்தம் ஏறுவதுதான் திறக்கிறது. நண்பர் சொல்லாத வேறுபாடு ஒன்று உண்டு, அதுவே எனக்குப் பெரிதாகப் படுகிறது: அழுத்தத்தை அளப்பது ஓரிடத்தில், வளியை வெளியேற்றுவது இன்னோரிடத்தில். அளப்பது எஞ்சினுக்குள் போகும் காற்றை. வெளியேற்றுவது எஞ்சினிலிருந்து வந்த புகைவளியை. குளத்தில் இரண்டும் ஒரே நீர். இந்த வேறுபாட்டைச் சொல்லுக்குள் திணிக்க முயன்றால் சொல் நீண்டு ஒரு வாக்கியமாகிவிடும். அதை வரையறையில் சொல்லிக்கொள்வதே முறை.

சென்னை வாசகர் ‘மறுகால்’ என்றதும் இன்னொரு கால் என்று படிப்பார் என்ற ஐயமும் எழுப்பப்பட்டது. தனியே நிற்கும்போது அந்த மயக்கம் வரலாம். ஆகவே உறுப்பைக் குறிக்கும்போது ‘மறுகால் மூடி’, ‘மறுகால் தண்டு’, ‘மறுகால் கலம்’ என்று தொடராகவே எழுதலாம். இரண்டாம் முறை படிக்கும்போது மயக்கம் தீர்ந்துவிடும்; கால்வாயும் வாய்க்காலும் எல்லோருக்கும் தெரிந்தவைதாமே.

ஒரு சொல் நிற்குமா என்பதை அகராதியில் பார்ப்பதைவிட, பட்டறையில் பேச வேண்டிய வாக்கியங்களில் வைத்துப் பார்ப்பதே என் வழக்கம். கட்டுரையில் வரும் சில இடங்களை இச்சொல்லால் எழுதிப் பார்த்தேன்.

“எச்1சியைக் கழற்றி அந்த இடத்தில் எச்எக்ஸ்35ஐப் பொருத்தலாம், மேனிஃபோல்டில் (எஞ்சினின் புகைவளி திரண்டு வரும் குழாய்த் தொகுதியில்) அமரும் நான்கு போல்ட் முகப்பு இரண்டுக்கும் ஒன்றே. ஆனால் மறுகால் உள்ள கூட்டின் வெளிவாய் வேறு வடிவமுடையது என்பதால், புகைக்குழாயின் முழங்கையையும் கவ்வியையும் மாற்ற நேரிடும். புதிய டர்போவின் கூடுகளைத் திருப்பி அமைக்கும்போது, மறுகால் கலத்தின் தாங்கியும் அமுக்கிக் கூட்டோடு சேர்ந்து திரும்புவதால், தண்டு நேர்கோட்டில் நகர்கிறதா என்று கையால் இழுத்துப் பார்க்க வேண்டும்.”

“மறுகால் கலத்துக்கு வரும் ரப்பர் குழாயைப் பிடுங்கி அடைத்துவிட்டால் மூடி திறக்கவே திறக்காது, அழுத்தமானி ஏறுவது கண்ணுக்கு இனிமையாக இருக்கும், ஆனால் சுழலியின் அச்சு ஒடிவதற்கும் சிலிண்டர் தலையின் கேஸ்கெட் பறப்பதற்கும் அதுவே வழி.” இதைப் படிக்கும் எவருக்கும் மறுகாலை அடைத்தால் கரை உடையும் என்பது சொல்லாமலே விளங்கும். கழிவுவாயிலை அடைத்தால் என்ன ஆகும் என்பதை நாம்தான் தனியே விளக்க வேண்டியிருக்கும்.

இன்னோர் இடம். டீசல் பம்பைத் திருகி எரிபொருளைக் கூட்டியவர்களின் வண்டியில், மூடி முழுவதும் திறந்த பிறகும் ஊட்டழுத்தம் (எஞ்சினுக்குள் தள்ளப்படும் காற்றின் அழுத்தம்) ஏறிக்கொண்டே போவதுண்டு. துளை சிறிதாக இருப்பதால் மிகுதி வளி அவ்வழியே போக இடம் போதாமைதான் காரணம். இதற்கு ஆங்கிலத்தில் ‘பூஸ்ட் க்ரீப்’ என்கிறார்கள். ‘அழுத்த ஊர்வு’ என்று நம் பட்டியலில் இருக்கிறது. ‘மறுகால் போதாமை’ என்று எழுதிப் பாருங்கள்: அறிகுறியோடு நில்லாமல் காரணத்தையும் சொல்லிவிடுகிறது. துளையைக் குடைந்து அகலமாக்குவது தீர்வு என்பதும் உடனே புலப்படும்.

இரண்டு எல்லைகளையும் குறித்துவிடுகிறேன். பெட்ரோல் எஞ்சினில் காற்று வரும் பக்கம், முடுக்கியை விட்டதும் ‘புஸ்’ என்று காற்றை வெளிவிடும் வால்வை மறுகால் என்று சொல்லக் கூடாது. அதற்கு ‘விடுவிதழ்’ போன்ற வேறு சொல் வேண்டும். அதேபோல, 2003இல் ஃபோர்டின் 6.0 லிட்டர் டீசலில் வந்ததைப் போன்ற, சுழலியைச் சுற்றியுள்ள இறகுகளைத் திருப்பி வாயையே சுருக்கி விரிக்கும் டர்போவில் மறுகால் கிடையாது. வாயே மாறுவதால் பக்கவழிக்குத் தேவை இல்லை.

டர்போவையே ‘சுழலூட்டி’ என்று மாற்ற வேண்டும் என்ற முன்மொழிவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சுழலி, அமுக்கி என்று உட்பகுதிகளுக்குத் தமிழ்ச் சொற்கள் நிலைத்துவிட்டன. டர்போ என்பது பட்டறை முதல் விளம்பரம் வரை எல்லோர் வாயிலும் புழங்குகிறது. அதை அப்படியே விட்டுவிட்டு, உண்மையில் பொருள் விளங்காமல் தடுமாற வைக்கும் சொற்களில் நம் நேரத்தைச் செலவிடலாம் என்பது என் கருத்து.

பட்டியலுக்கான வரையறையை இவ்வாறு எழுதியிருக்கிறேன்:

மறுகால் – டர்போவின் ஊட்டழுத்தம் குறித்த அளவை எட்டியதும், எஞ்சினிலிருந்து வரும் புகைவளியின் மிகுதியைச் சுழலியின் வழியே விடாமல் நேரே புகைக்குழாய்க்குக் கொண்டுசெல்லும் பக்கவழி. அதைத் திறந்து மூடும் தட்டு, மறுகால் மூடி. மூடியை இயக்குவது மறுகால் கலம்; ஊட்டழுத்தத்தின் தாக்கத்தில் செயல்படுவது.

‘மறுகால் கலம்’ என்பதில் ‘கலம்’ சரிதானா, ‘குப்பி’ பொருந்துமா என்பதில் எனக்கு இன்னும் உறுதியில்லை. பட்டறைகளில் அதை ‘டப்பா’ என்கிறார்கள். எழுத்து வழக்குக்கு அது ஒத்துவருமா என்பதைக் குழுவினர் தெரிவித்தால், வார இறுதிக்குள் பட்டியலைத் திருத்தி அனுப்புகிறேன்.

அன்புடன்.