கணிதம் இல்லாமல் மெய்யியல் நின்றிருக்குமா?

கொம்பாசுப்பெட்டி:
நேற்றுப் பின்னேரம் வெள்ளவத்தைத் தமிழ்ச்சங்க நூலகத்தில் பக்கத்து மேசைக்காரர் ஒருவர், "கணக்கு எஞ்சினியருக்கு, மெய்யியலுக்கு அதால் என்ன?" என்றார். எனக்கு மனம் பொறுக்கவில்லை. அதுதான் இந்தத் திரி.

பிளேட்டோவின் 'மெனோ' என்ற உரையாடல் நூலில் சோக்கிரட்டீஸ், படிக்காத அடிமைப் பையன் ஒருவனுக்கு 2 அடிப் பக்கமுள்ள சதுரம் கீறிக் காட்டுகிறார். பரப்பு 4. இது இரட்டிப்பாக வேண்டுமென்றால் பக்கம் எவ்வளவு? 4 என்கிறான். கீறிப் பார்த்தால் 16. பிறகு 3 என்கிறான். அது 9. தெரியாது என்று ஒப்புக்கொள்கிறான். கடைசியில் மூலைவிட்டத்தின் மேல் கீறிய சதுரம்தான் 8 என்று அவனுக்கே விளங்குகிறது. தரம் 9 பிள்ளைகளிடம் நானும் கேட்டிருக்கிறேன், முதலில் எல்லோரும் 4 என்றுதான் சொன்னார்கள். அறிவு வெளியிலிருந்து வருவதில்லை, ஏற்கெனவே உள்ளே இருக்கிறது என்பதற்குப் பிளேட்டோ காட்டும் சாட்சி இந்தச் சதுரம். பிற்கால மெய்யியலாளர்களான தேக்கார்ட், ஸ்பினோசா எல்லாம் இதன் வழி வந்தவர்கள்தான்.

கொட்டாஞ்சேனை வாசகி:
அந்த வழிதான் பிழை, அண்ணா. ஸ்பினோசாவின் 'அறவியல்' 1677இல் வந்தது. கடவுள், மனம், ஆசை எல்லாவற்றையும் வரைவிலக்கணம், தேற்றம், நிறுவல் என்று அடுக்கினார். முக்கோணத்துக்கு நாம் வரைவிலக்கணம் சொல்லலாம். கடவுளுக்குச் சொல்லிவிட்டால் கடவுள் அதற்குள் அடங்கிவிடுவாரா? செருமன் மெய்யியலாளர் காண்டைப் பாருங்கள். வெளி என்றால் பள்ளிக் கேத்திரகணிதத்தில் வரும் யூக்கிளிட்டின் வெளிதான் என்று 1781இல் நம்பினார். 1829இல் ரஷ்யக் கணிதவியலாளர் லொபாச்செவ்ஸ்கி அதற்கு மாறான வேறொரு கேத்திரகணிதத்தை வெளியிட்டார்.

எங்கட பக்கம் இந்த மயக்கம் இல்லை. மணிமேகலை 29ஆம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் அளவை, அதாவது அறிவு பெறும் வழி, சொல்லிக்கொடுக்கிறார்: இம்மலையில் நெருப்பு உண்டு, புகை இருப்பதால், அடுக்களை போல. அந்த அடுக்களையைக் கவனியுங்கள். கண்ட உதாரணம் இல்லாமல் அனுமானம், அதாவது ஒன்றைக் கொண்டு இன்னொன்றை அறிவது, நிற்காது.

கொம்பாசுப்பெட்டி:
காண்டைத் திருத்தியது யார்? கணிதம்தானே. யூக்கிளிட் எடுத்துக்கொண்டபடி, ஒரு கோட்டுக்கு வெளியே உள்ள ஒரு புள்ளியூடாக அதற்கு ஒரேயொரு சமாந்தரக்கோடுதானா என்று விடாமல் கேட்டவர்கள் கணிதக்காரர். அதுபோக, நீங்கள் சொன்ன மணிமேகலையே 27ஆம் காதையில் மெய்யியலாளர்களைச் 'சமயக்கணக்கர்' என்கிறது.

கொட்டாஞ்சேனை வாசகி:
அந்தக் கணக்கு வேறு. பதினெண்கீழ்க்கணக்கில் வரும் கணக்கு எண்ணா, நூலா? அளத்தலையும் நினைவூட்டும் 'அளவை' என்ற சொல்லைப் பிடித்திருந்தால் உங்கள் வாதம் இன்னும் பலமாக இருந்திருக்கும்.

பம்பலப்பிட்டிப் பயணி:
தருக்கவியலாளர் கோடெல் 1931இல் கணிதமே பொய் என்று காட்டிவிட்டாரே. பிறகு என்ன விவாதம்?

கொட்டாஞ்சேனை வாசகி:
இல்லை, தம்பி. இந்த இடத்தில் நான் அண்ணாவின் பக்கம். எண்கணிதத்தை உள்ளடக்கிய, முரணில்லாத எந்த விதித்தொகுதியிலும் நிறுவவும் மறுக்கவும் முடியாத கூற்று ஒன்று இருக்கும் என்றுதான் அவர் காட்டினார். அதையும் நிறுவித்தான் காட்டினார். பொய் என்று சொல்லவேயில்லை.

அண்ணா, உங்கள் சதுரத்தை இரவு மகளிடம் கேட்டேன். அவளும் 4 என்றாள். கட்டக்கொப்பியில் கீறி, ஒவ்வொரு கட்டமாக விரலால் தொட்டு எண்ணினாள். 16 வந்ததும் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிழையைக் கண்ணால்தான் பிடித்தாள். பிளேட்டோவின் பையனும் மண்ணில் கீறிய கோட்டைப் பார்த்துத்தான் திருந்தியிருப்பான். அது காட்சி அளவை, கண்டு அறியும் வழி. உள்ளே இருந்த அறிவு என்று அதை எப்படிச் சொல்வீர்கள்?